உம் கொட்டிய அறை

ஊரின் பழைய ராணுவப் பகுதியான கேம்ப்பில் சேவியர் அண்ணனின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை வலுத்திருந்தது. தாபோடியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்ததில் பானு அக்காவின் துப்பட்டா பாதி நனைந்திருந்தது. பட்டப்பகலில் தெரு விளக்குகள் எரிந்தன. ஆட்டோக்களின் சத்தம் வாசல் வரை எங்களோடு வந்தது. கதவைச் சாத்தியதும் அது நின்றுவிட்டது. குறையவில்லை, நின்றே விட்டது.

"வெள்ளைக்காரன் கட்டின கல் சுவர். இதுக்குத்தான் ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுக்காம வீட்லயே பதிவு பண்றேன்" என்றார் சேவியர் அண்ணன்.

நான் ஒரு சிறிய கேம் கம்பெனியில் சோதனையாளன். ஒரே கேமைத் திரும்பத் திரும்ப விளையாடி, எங்கே தவறு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. சேவியர் அண்ணன் அங்கே ஒலிப்பதிவாளர். எங்கள் புதிய கேமுக்குத் தமிழ்க் குரல் தேவைப்பட்டது. என் அக்கா பானு கராடியில் ஒரு கால் சென்டரில் நாள் முழுக்கத் தமிழும் இந்தியும் பேசுகிறவள். நன்றாகப் பேசுவாள். நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பதிவு செய்யும் அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் பஞ்சு அடைத்த பழைய ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு நாற்காலி, ஒரு மைக், மைக்குக்குப் பின்னால் மூலையில் எனக்கு ஒரு முக்காலி. வேறு எதுவும் இல்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும், அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவத்தியின் வாசனை வந்தது.

"கரன்ட் போயிருந்துச்சா அண்ணே?"

"இல்லையே. ஓ, அந்த வாசனையா? இந்த ரூம்ல எப்பவும் இருக்கும். நானும் தேடிப் பாத்து விட்டுட்டேன்."

கேமின் கதை எளிமையானது. பவுன் என்ற பெண் காணாமல் போன தன் அம்மாவைத் தேடி, பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைகிறாள். அறை அறையாகப் போகிறாள். ஒவ்வொரு அறையிலும் ஒரு குரல், அங்கே முன்பு நடந்ததைச் சொல்கிறது. அந்தக் குரல் யாருடையது என்று கேம் சொல்வதில்லை. கடைசியில் வாசல் திறக்கும்போது, "நான் யாரென்று உனக்குத் தெரியும், பவுன்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அவ்வளவுதான்.

அக்கா வாசிக்க ஆரம்பித்தாள். அடுத்த அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த சேவியர் அண்ணன் சில வரிகளிலேயே நிறுத்திவிட்டார்.

"பானு, ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கிற மாதிரி இருக்கு. அப்படியே பிளாட்பாரம் நம்பரையும் சொல்லிடு."

"பின்ன என்னண்ணே? செவுத்தப் பாத்து எப்படி கதை சொல்றது? யாராச்சும் உம் கொட்டினாதானே கதை வரும்!"

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. எங்கள் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டேதான் கதை சொல்வாள். கண் முறத்தில் இருக்கும். நாங்கள் விழித்திருக்கிறோமா என்று அவளுக்குத் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் 'உம்' கொட்ட வேண்டும். ஒரு 'உம்' தவறினாலும் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மறுநாள் அழுதாலும் மீதியைச் சொல்ல மாட்டாள். பாதியில் நின்ற கதை எவ்வளவு தொல்லை தரும் என்று எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

"தருண், நீ கொட்டுடா" என்றாள் அக்கா.

நான் சேவியர் அண்ணன் இருந்த பக்கம் பார்த்தேன். "அரே, அவன் சத்தம் மைக்ல விழும். தலைய மட்டும் ஆட்டட்டும்" என்றார்.

அக்கா சிரித்தாள். எதிரே தொங்கிய ரஜாயைப் பார்த்து, "இவன் வாயத் தொறக்க மாட்டானாம். நீயாச்சும் உம் கொட்டு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன விதமே மாறிவிட்டது. குரல் தணிந்தது. வரிக்கு வரி நிறுத்தி, காத்திருந்து, அடுத்ததைச் சொன்னாள். நான் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "நீ உம் கொட்டினது நல்லா இருந்துச்சுடா. எடம் பாத்துக் கொட்டின."

"நான் கொட்டலையே."

"சும்மா இரு."

ஒருவேளை கொட்டியிருப்பேனோ என்று தோன்றியது. நான் செய்ததையே செய்தேனா என்று சந்தேகப்படுவது என் வழக்கம். வாயைத் திறந்தேனா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு உறுதிப்படவில்லை.

பதிவான வரிகளை ஸ்கிரிப்டோடு ஒப்பிடும் வேலை எனக்கு வந்தது. ஆபீசில் சுற்றிலும் ஆட்கள் வடா பாவ் தின்றுகொண்டிருந்தார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

'அடுப்படிக் கதவை அவள் இரண்டு நாளாகத் திறக்கவில்லை.'

இடைவெளி.

உம்.

மெதுவான, பொறுமையான ஓசை. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. அடுத்த வரிக்கும் இருந்தது. அதற்கடுத்த வரிக்கும் இருந்தது.

நான்தான் என்று முடிவு செய்தேன். பிறகு, எதற்கும் பார்த்துவிடலாம் என்று என் 'உம்'மைப் பதிவு செய்து பக்கத்தில் வைத்துக் கேட்டேன். பொருந்தவில்லை. அந்த வகை மைக், பின்னால் எழும் சத்தத்தைச் சரியாக வாங்காது. நான் அதற்குப் பின்னால் இருந்தேன். ஆனால் அந்த 'உம்'மில் மூச்சுக்காற்று மைக்கில் மோதும் சத்தம் இருந்தது. அக்காவின் வாயைவிட அது மைக்குக்குக் கிட்டத்தில் இருந்தது.

அவளுக்கும் மைக்குக்கும் நடுவில்.

கடைசி வரியைப் போட்டேன். 'நான் யாரென்று உனக்குத் தெரியும், பவுன்.'

உம் வரவில்லை. வெறும் அறையின் இரைச்சல். அணைத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனபோது, அதே குரல், ஆசையோடு கேட்டது:

"அப்புறம்?"

சேவியர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேட்டார். "பதிவு பண்றப்போ இது என் காதுல விழவே இல்லையே" என்றபடி ஹெட்போனைக் கழற்றி மேசையில் மெல்ல வைத்தார்.

"அழிச்சிடு."

"யாருண்ணே அது?"

"யாரா இருந்தா என்ன? அழிச்சிடு தருண். போதும்."

எல்லா இடைவெளிகளையும் அழித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

ஆனால் அது வீட்டில் தொடர்ந்தது.

அக்கா வெங்காயம் நறுக்கும்போது ஏதோ முணுமுணுத்தாள். பவுன் மாடிப்படி ஏறுவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேமில் அப்படி ஒரு வரி கிடையாது. ஒரு வரி சொல்வாள், நிறுத்துவாள், தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பாள், அடுத்ததைச் சொல்வாள். குளிக்கும்போது சொன்னாள். பஸ்ஸில் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் போனில் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் காதில் எதுவும் மாட்டவில்லை என்று எனக்குத் தெரியும்.

குரல் கம்மத் தொடங்கியது. பிறகு கரகரத்தது. பிறகு காற்றுதான் வந்தது. குரல்நாண் வீங்கியிருக்கிறது, வாயே திறக்கக் கூடாது, திறந்தால் குரல் இப்படியே நின்றுபோகும் என்றார் டாக்டர். கால் சென்டரில் லீவு கொடுத்தார்கள். குரல் வராவிட்டால் அங்கே அவளுக்கு வேலை இல்லை. வேலையை விடுங்கள், எங்கள் வீட்டில் சத்தம் என்றால் அது பானுவின் சத்தம்தான். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். கூட்டிக்கொண்டு போனவன் நான்.

"பேசாத அக்கா. ஒரு நாள் வாய மூடிட்டு இரேன்."

"இருந்து பாத்தேன்டா." குரல் இல்லை, உதடுதான் அசைந்தது. "நிறுத்தினா கேக்குது."

"என்னன்னு?"

"அப்புறம்னு."

"பதில் சொல்லாத."

"சொல்லலேன்னா கிட்ட வருது."

அவளால் ஏன் நிறுத்த முடியவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் சொன்ன கதைக்கு முடிவு இல்லை. சொல்வது யார் என்ற கேள்வியோடு பாதியில் நிற்கிறது. அந்த முடிவு கிடைக்கும்வரை கேட்கிறவர் எழுந்து போகப்போவதில்லை.

கேமை எழுதிய விச்சு சென்னைக்காரர், கராடியில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே எங்களுக்கு எழுதிக் கொடுப்பவர். அவருடைய ஆபீசுக்குக் கீழே டீக்கடையில் பிடித்தேன்.

"கதை சொல்ற குரல் யாரு சார்?"

"ஏன், கேம்ல பக் எதாவது இருக்கா?"

"இல்ல சார். எனக்குத் தெரியணும்."

அவர் டீயை ஊதிக்கொண்டே அக்கம்பக்கம் பார்த்தார். "உண்மையச் சொல்லட்டா ப்ரோ? நானே முடிவு பண்ணலை. பார்ட் டூ வந்தா பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். வெளில சொல்லிடாதீங்க, ஏதோ பெரிய மர்மம்னு எல்லாரும் நம்பறாங்க."

"எழுதறப்போ யாரை மனசுல வெச்சிருந்தீங்க?"

"யாரையும் இல்ல. ஒரு குரல் வந்துச்சு, எழுதினேன். உங்களுக்கு யாரு பிடிக்குதோ வெச்சுக்கோங்க."

வீட்டுக்கு வந்து அக்காவிடம், "அம்மான்னு சொல்லி முடிச்சிடு" என்றேன். அவள் அடுப்படியில் நின்று, காற்றுக் குரலில், பவுனுக்கு இதையெல்லாம் சொன்னது அவளுடைய அம்மாதான் என்று முடித்தாள். இருவரும் காத்திருந்தோம். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்காவின் கண் நிறைந்தது. தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"அப்ப பவுனேதான். பெரியவளான பவுன். அப்படிச் சொல்லு."

சொன்னாள். இந்த முறை அவள் சட்டென்று ஓரமாக நகர்ந்தாள், யாருக்கோ இடம் விடுவது போல.

எங்கள் அடுப்படியில் மெழுகுவத்தி அணைந்த வாசனை வந்தது.

தவறான பதில் சொன்னால் அது நெருங்கிவருகிறது. இனி ஊகம் கூடாது என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை சோதிப்பது. அதையே செய்தேன். கேமை முதலிலிருந்து விளையாடினேன். இம்முறை பவுனைக் கவனிக்கவில்லை, குரலைக் கவனித்தேன். ஒவ்வொரு அறையிலும் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இது அந்தக் குரலுக்கு எப்படித் தெரியும்?

கேமின் அடுப்படியில் பவுனின் அம்மா சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருப்பாள். குரல் அதைச் சொல்வதில்லை. விளையாடுகிறவர்தான் தேடி எடுக்க வேண்டும். சொல்வது அம்மாவாக இருந்தால் சாவி இருக்குமிடம் தெரிந்திருக்கும். பவுனாக இருந்தாலும் தெரிந்திருக்கும், எடுத்தவளே அவள்தான். அந்த வீட்டுக் காவல்காரனோ என்று யோசித்தேன். ஆனால் முற்றத்துக் கிணறு மூடியிருப்பதுகூடக் குரலுக்குத் தெரியவில்லை. பார்வையற்ற ஒருவரோ? அப்படியானால் பானை மூடியின் சத்தமாவது காதில் விழுந்திருக்கும். விழவில்லை.

குரலுக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா யாரிடமோ வாய்விட்டுச் சொல்லக்கூடிய விஷயங்கள். அவளுடைய அழுகை தெரியும், காரணம் தெரியும், கோபம் தெரியும். அவள் யாரிடமும் சொல்லாமல் செய்த எதுவும் தெரியாது.

சொல்கிறவர் அந்த வீட்டில் இருந்தவரே அல்ல. கதையைக் கேட்டவர்.

அம்மா எங்கோ உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் ஒருவர் உம் கொட்டிக் கேட்டிருக்கிறார்.

திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். இடறவில்லை. விச்சுவுக்குப் போன் செய்தேன். "ஐயோ, இது நல்லா இருக்கே! நான் யோசிக்கவே இல்லையே ப்ரோ" என்றார். எழுதியவருக்கே தெரியாதது எழுத்தில் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அக்காவை மறுபடி கேம்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே தொடங்கியதோ அங்கேயே முடிப்பது நல்லது என்று நினைத்தேன். அதே நாற்காலி. அதே முக்காலி. சேவியர் அண்ணன் ரெக்கார்டரைப் போடவில்லை. ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்தார். அவர் கையில் ஜெபமாலை இருந்தது. உள்ளே மெழுகுவத்தி வாசனை தொண்டையை அடைத்தது.

அக்கா ரஜாயைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கதையச் சொல்றது அம்மா இல்ல."

காத்திருந்தாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் தலை சாய்ந்தது.

"பவுனும் இல்ல."

ரஜாயின் ஓரம் உள்ளே இழுபட்டது, பின்னால் யாரோ மூச்சு வாங்குவதுபோல.

"பக்கத்துல ஒக்காந்து உம் கொட்டிக் கேட்டவங்க. அவங்கதான் சொல்றாங்க."

அவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்தது. அக்கா நிறுத்தவில்லை. பல நாளாக இல்லாத குரல், முழுக் குரல், அவளிடமிருந்து வந்தது:

"கேட்டவங்கதான் அடுத்துச் சொல்லணும். அதோட கதை முடிஞ்சுது."

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

பிறகு, வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையை ஊன்றி எழுந்திருக்கும்போது எலும்பு சொடுக்குமே, அந்தச் சத்தம்.

வாசனை போய்விட்டது. மழைச் சத்தம் உள்ளே வந்தது. சேவியர் அண்ணன் வாசலில் வந்து நின்றார், முகம் வெளிறியிருந்தது. "போயிடுச்சா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள், நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

கணபதிப் பண்டிகைக்குள் அவள் குரல் திரும்பிவிட்டது. தெருவில் அடித்த டோல்-தாஷா மேளத்துக்கு மேலே கத்தி என்னைக் கடைக்கு விரட்டினாள். அம்மா அன்று அழுதாள். அந்தக் கடைசி வரியை யார் சொல்லிக்கொடுத்தது என்று அக்காவிடம் கேட்டேன்.

"எந்த வரி? நீ சொன்னதத்தானே சொன்னேன்."

இதை இங்கேயே விட்டிருக்கலாம்.

வெளிமாநிலத்தில் வளர்ந்து, தமிழைத் தட்டுத்தடுமாறிப் படித்தாலும் எழுத வராத என்னைப் போன்றவர்களுக்காகக் கேம்ப்பில் ஒரு மாலை வகுப்பு நடக்கிறது. ஆரோக்கியமேரி டீச்சர் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்வார். எழுதியதைச் சத்தமாக வாசிக்கவும் சொல்வார். வாய் தடுக்கும் இடத்தில் வாக்கியம் தவறு என்பது அவருடைய கணக்கு. நான் ஒழுங்காகச் செய்துவருகிறேன். ஆனால் பண்டிகை முடிந்ததிலிருந்து என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை. மழையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கேம்ப் வீட்டு மழையில் போய் முடிகிறது. பஸ்ஸைப் பற்றி எழுதினால் அக்கா முணுமுணுத்த பஸ்.

அதனால்தான் இதை முழுவதுமாக எழுதிவிடலாம் என்று தொடங்கினேன். எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. அன்று அந்த அறையில் அக்கா சொன்ன ஒவ்வொரு வரிக்கும் நான் தலையாட்டினேன். சத்தம் வரவில்லை என்பதால் அது உம் இல்லை என்று ஆகிவிடுமா? கதையைக் கேட்டவன் நான். கேட்டவர்தான் சொல்கிறார் என்று கண்டுபிடித்தவனும் நான். நான் கண்டுபிடித்தேனா, இல்லை அப்படி ஒரு விதியை நானே உண்டாக்கிக் கொடுத்துவிட்டேனா என்று தெரியவில்லை.

இன்று மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், என் அறையில் உட்கார்ந்து, எழுதிய வரையில் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். எங்கும் வாய் தடுக்கவில்லை. அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. அக்கா அங்கிருந்து கூப்பிட்டாள்.

"டேய், கதை நல்லா இருக்குடா!"

"கேட்டுட்டியா?"

"கேக்குதே. யாருடா அது உள்ள, உம் கொட்றது? சேவியர் அண்ணன் வந்திருக்காரா? டீ போடட்டா?"

என் பக்கத்தில் கட்டில் சற்று அமுங்கியிருக்கிறது. ஊதி அணைத்த திரியின் வாசனை வருகிறது.

அதற்குப் பிறகு எழுதிய இந்த வரிகளை நான் வாய்விட்டு வாசிக்கவில்லை. மனதுக்குள்தான் வாசித்தேன்.

அதற்கும் உம் வந்தது.